என் முழங்காலில் முதல் கை வைத்தவர் யார்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிக்குக் கவாத்து அடிக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். முதல் வெட்டு வெட்டக் கூப்பிடுவது என்னைத்தான். இப்படிச் சொன்னால் பெருமை அடித்துக்கொள்கிறான் என்பார்கள். அடித்துக்கொள்கிறேன்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அடுத்தவர் தோட்டத்தில் கூடை சுமந்து, கல்தூண் நட்டு, கம்பி இழுத்துக் கட்டி, இன்றைக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் சொந்தமாக எட்டு ஏக்கர் பந்தல் போட்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் இருக்க நான் என்ன சாமியாரா?

முதல் வெட்டு என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு அறுப்பு முடிந்ததும் கொடியைக் கொஞ்ச நாள் ஓய விடுவோம். பிறகு அது மறுபடி காய்க்க வேண்டும் என்று பழைய கிளைகளைக் கத்தரித்து விடுவோம். அதுதான் கவாத்து. வெட்டிய நாளிலிருந்துதான் அடுத்த அறுப்புக்கு நாள் எண்ணுவது. அதனால் முதல் கிளையை வெட்டுகிற கை ராசியான கையாக இருக்க வேண்டும். கைராசிக்காரர் வந்து கொடியின் அடித்தூரில் குந்தி உட்கார்ந்து, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, எழுந்து நின்று முதல் கிளையை வெட்டுவார். தோட்டக்காரர் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் வைத்த தட்டை அவர் கையில் கொடுப்பார். தட்டை வாங்கிவிட்டால் அந்த அறுப்புக்கு நாமும் பொறுப்பு. காய்த்தால் பேர். காய்க்காவிட்டாலும் பேர்தான், அது வேறு மாதிரிப் பேர்.

அந்தக் குந்தி உட்காருகிறதுதான் எனக்கு வினையாக வந்தது. இரண்டு வருடமாக வலது முழங்கால் மடங்க மறுத்தது. இடது அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. போன வருடம் கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் தூரில் உட்கார்ந்து மண்ணைத் தொட்டவன் எழவில்லை. எழ முடியவில்லை. நான் கும்பிடுகிறேன் என்று நினைத்து எல்லாரும் கைகட்டி நின்றார்கள். வேறு வழியில்லாமல் நானும் வெகுநேரம் கும்பிட்டேன். கடைசியில் என் வீட்டுக்காரிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"சாமி போயி ரொம்ப நேரமாச்சு. எந்திரிக்கிறீகளா, தூக்கி விடவா?" என்று காதோரம் கேட்டாள்.

தூக்கித்தான் விட்டாள். அடுத்த கவாத்துக்கு அந்தத் தோட்டக்காரர் என்னைக் கூப்பிடவில்லை. வேறொருவரை வைத்து முதல் கை எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அவரும் நல்ல மனிதர்தான். கொடியை வெட்டச் சொன்னால் கம்பியையும் சேர்த்து வெட்டுகிறவர்.

எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். வலியை நான் பொறுத்துக்கொள்வேன். கல்தூண் பாதத்தில் விழுந்தபோதுகூட அன்றைய வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனவன். ஆனால் முதல் கை என்கிற பேர் போய்விட்டால், எட்டு ஏக்கர் வைத்திருக்கிற இன்னொரு கிழவன், அவ்வளவுதான் நான். அதனால்தான் தேனிக்குப் போய் டாக்டரைப் பார்க்கச் சம்மதித்தேன்.

டாக்டருக்கு என் மகன் வயது இருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்.

"மூட்டுக்கு நடுவுல இருக்குற மெத்தை முழுசாத் தேஞ்சுருச்சுங்கய்யா. எலும்பும் எலும்பும் உரசுது. ரெண்டு காலுமே மாத்த வேண்டியதுதான். முதல்ல வலதைப் பண்ணுவோம். ரோபோ வச்சுப் பண்ணலாம்."

"ரோபோவா பண்ணும்?" என்று கேட்டேன்.

"ரோபோ உதவியோட நான் பண்ணுவேன்."

"அப்ப வெட்டுறது யாரு?"

"நான்தான்."

"அப்ப ரோபோ என்ன செய்யும்?"

"எலும்ப வெட்டும்."

நான் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். டாக்டருக்கும் தான் சொன்னது கொஞ்சம் இடிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மேசையில் இருந்த பிளாஸ்டிக் முழங்காலை எடுத்து வைத்து விளக்கினார். மூட்டை முழுசாகப் பிடுங்கி எறிய மாட்டார்களாம். எலும்பின் முனையைச் சீவிவிட்டு அதன் மேல் உலோகத்தில் தொப்பி மாட்டுவார்களாம். எவ்வளவு சீவ வேண்டும் என்பதை முன்கூட்டியே என் காலை ஸ்கேன் எடுத்துக் கம்ப்யூட்டரில் படம் போட்டு வைத்துக்கொள்வார்களாம். ரம்பத்தை மிசினின் கை பிடித்திருக்கும். மிசினின் கையை டாக்டர் பிடித்திருப்பார்.

"போட்ட வரம்பத் தாண்டி ரம்பம் போகவே போகாது. நானே தப்பா அழுத்துனாலும் நின்னுரும்" என்றார்.

என் காதில் வரப்பு என்றுதான் விழுந்தது.

"வரப்ப எங்கன போடுவீக?"

"எலும்புலங்கய்யா. அதாவது கம்ப்யூட்டர்ல இருக்குற எலும்புல."

வரப்பு தாண்டாத மனிதர் ஒருவரை எங்கள் பக்கத்தில் நான் இதுவரை பார்த்ததில்லை. அண்ணன் தம்பிகளே வருடத்துக்கு ஒரு சாண் நகர்த்துவார்கள். என் நிலத்திலேயே கிழக்கு வரப்பு எங்கே இருந்தது, எங்கே வந்து நிற்கிறது என்பதற்கு நான் மட்டும்தான் சாட்சி. அப்படியிருக்க, போட்ட வரப்பில் நிற்கிற ஒரு மிசின் என்றதும் எனக்கு அதன் மேல் மரியாதை வந்தது. வரப்பு எவ்வளவு அகலம், யார் அளப்பது, அளந்ததை யார் சரி பார்ப்பது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். இடையில் வேறு என்னென்னவோவும் சொன்னார். வீட்டுக்காரி தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சின்னமனூர் தாண்டியதும் அவள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"எல்லாஞ் சரி. அந்த மிசினுக்குக் கைராசி எப்பிடியாம்?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஊர்த் தோட்டத்துக்கெல்லாம் முதல் கை வைக்கிறவன் நான். என் எலும்பில் முதல் கை யாருடையது? கைராசி டாக்டர் என்று பேர் எடுத்தவர்கள் உண்டு. தேடிப் போகிற கூட்டமும் உண்டு. கைராசி மிசின் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? மிசினுக்குக் கை இருக்கிறது என்று டாக்டரே சொன்னார். கை இருந்தால் ராசி இருக்குமா? ஒரே மிசின் ஒருவருக்கு ராசியாகவும் இன்னொருவருக்கு ராசியில்லாமலும் போகுமா? இரண்டு நாள் யோசித்தும் பிடிபடவில்லை. மோட்டார் பம்பைப் பிரித்து மாட்டத் தெரியும் எனக்கு. மருந்து தெளிக்கிற பவர் ஸ்பிரேயர் மக்கர் பண்ணினால் கடைக்காரனே என்னிடம்தான் வருவான். மிசின் எனக்குப் புதிதில்லை. ஆனால் எந்த மிசினிடமும் இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததில்லை.

ஒரு முடிவுக்கு வந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்கிற அன்று தட்டு கொண்டுபோவது. டாக்டர் கையில் கொடுத்து, முதல் வெட்டை அவரே கையால் வெட்டிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வது. பிறகு மிசின் வெட்டிக்கொள்ளட்டும். கவாத்திலும் அப்படித்தான். முதல் கிளை நான் வெட்டுவேன். மீதித் தோட்டத்தைக் கூலிக்கு வந்தவர்கள் வெட்டுவார்கள்.

"ஆஸ்பத்திரிக்குத் தாம்பூலத் தட்டா? பொண்ணு கேக்க வந்திருக்காகன்னு நினைக்கப் போறாக" என்றாள் வீட்டுக்காரி. சொல்லிக்கொண்டே தேங்காயின் குடுமியைச் சரி செய்து வைத்தாள். முந்தின சனிக்கிழமையே குச்சனூர்க் கோயிலுக்குப் போய் என் பேருக்கு எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தவள் அவள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் தட்டைப் பார்த்து விழித்தார்.

"இது எதுக்குய்யா எனக்கு?"

"முதல் வெட்டு மிசினு வெட்டக் கூடாது. கையால வெட்டணும். அதுக்குத்தான்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

"சரிங்கய்யா. முதல் வெட்டு கையாலதான். தோலை மிசின் தொடாது."

கையால்தான் என்றார். என் கையால் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் வலது தொடையில் பேனாவால் அம்புக்குறி போட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். முதுகில் ஒரு ஊசி. கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே எனக்குச் சொந்தமாக எதுவுமில்லை. கால் கிடக்கிறது, ஆனால் அது யாருடைய காலோ. திரை போட்டு மறைப்பதற்கு முன்னால் மிசினைப் பார்த்துவிட்டேன். மனித உருவத்தில் நடந்து வரும், கண் சிமிட்டும் என்று நினைத்திருந்தேன். அது பந்தல் மூலையில் நிற்கிற கல்தூண் பருமனில் நின்றது. பாலித்தீன் உறை போட்டிருந்தார்கள். உறைக்குள் ஒரே ஒரு கை மடங்கி இருந்தது. அதற்குக் கண் அதன் மேலேயே இல்லை. தள்ளி ஒரு கம்பத்தில் தனியாக இரண்டு கண் மாட்டியிருந்தார்கள். கை ஓரிடம், கண் ஓரிடம், மூளை கம்ப்யூட்டரில். எதைப் பார்த்து வணக்கம் வைப்பது என்று தெரியவில்லை. பொதுவாக ஒரு கும்பிடு போட்டேன்.

திரை விழுந்த பிறகு பேச்சு மட்டும்தான் கேட்டது. முதலில் கேட்டது ஒரு பெண் குரல்.

"நான் ஓபன் பண்றேன் சார்."

"ம்" என்றார் டாக்டர்.

அரை மயக்கத்திலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓபன் என்றால் எனக்குத் தெரியும். கடை ஓபன் பண்ணுகிறார்கள், பாட்டில் ஓபன் பண்ணுகிறார்கள். இங்கே எதை ஓபன் பண்ணுகிறார்கள்? தட்டை வாங்கியவர் ம் என்கிறார், ஓபன் பண்ணுவது வேறு யாரோ. ஒருவேளை ஜன்னலையாக இருக்குமோ? கேட்க வாய் வரவில்லை. அப்புறம் மிசின் பக்கமிருந்து ஒரு ஆண் குரல்.

"ரிஜிஸ்டர் ஆயிருச்சு டாக்டர்."

ரிஜிஸ்டர் என்ற சொல்லை நான் வாழ்நாளில் ஒரே இடத்தில்தான் கேட்டிருக்கிறேன், பத்திர ஆபீசில். முதலில் வரப்பு போட்டார்கள், இப்போது ரிஜிஸ்டரும் ஆகிவிட்டது. எனக்கு வாய் வந்துவிட்டது.

"யாரு பேருல?" என்று கேட்டேன்.

யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

"உங்க பேருலதாங்கய்யா" என்றார் டாக்டர். "தூங்குங்க."

கொஞ்ச நேரம் ரம்பச் சத்தம் கேட்டது. மரம் அறுக்கிற மில்லைத் தாண்டிப் போகிறபோது கேட்கிற மாதிரி. பிறகு சுத்தியல் சத்தம். நான் கல்தூணுக்கு முளை அடிக்கிற சத்தத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அந்தச் சத்தத்திலேயே தூங்கிவிட்டேன்.

மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். நின்றேன். பக்கத்துக் கட்டில்காரர் என்னைவிடச் சின்ன வயது. அவர் இரண்டு எட்டு வைத்தார், நான் ஐந்து எட்டு வைத்தேன். இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டுப் பிரித்த பிறகு அடுத்த குழப்பம். முழங்காலில் நெடுகத் தையல் இருப்பது நியாயம். ஆனால் கீழே முன்னங்கால் எலும்பில் இரண்டு புள்ளி, மேலே தொடையில் இரண்டு புள்ளி, ஆணி அடித்துப் பிடுங்கின மாதிரி. முழங்காலுக்கு ஆபரேஷன் பண்ணச் சொன்னால் அங்கன என்ன வேலை இவர்களுக்கு? வீட்டுக்காரி போன் போட்டுக் கேட்டாள். எலும்பு எங்கே இருக்கிறது என்று மிசினின் கண்ணுக்குத் தெரிவதற்காகக் குச்சி நட்டார்களாம், முடிந்ததும் எடுத்துவிட்டார்களாம்.

"எல்லைக்கல்லு" என்றேன்.

"இருக்கும். சர்வே முடிஞ்சு பிடுங்கிட்டாக" என்றாள் அவள்.

காலை மடக்கிப் பழக்க ஒருவர் வந்து போனார். குமுளிக்காரர், பாதி தமிழ், பாதி மலையாளம் பேசுவார். கட்டிலில் உட்கார வைத்துக் குதிகாலைப் பின்னால் இழுக்கச் சொல்வார். ஒரு அளவுகோலை முழங்காலில் வைத்து டிகிரி பார்ப்பார். மலையாளத்தில் மதி என்றால் போதும், போரா என்றால் போதாது. எல்லையோரத்தில் பிழைக்கிற எங்களுக்கு இது தெரியும். அவர் வாயிலிருந்து ஒரு மதி வராதா என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பேன்.

"தொண்ணூறு. போரா" என்பார்.

மறுவாரமும் தொண்ணூறு. அதற்கடுத்த வாரமும் தொண்ணூறு. கண்ணில் தண்ணீர் வர இழுத்தாலும் கால் அந்த இடத்தில் வந்து நின்றது, யாரோ அங்கே வரப்புப் போட்ட மாதிரி. பக்கத்துத் தோட்டக்காரர் கவாத்துக்கு நாள் பார்த்துவிட்டார் என்று சேதி வந்தது. அவர் வருடா வருடம் என்னைத்தான் கூப்பிடுவார். அதற்குள் மடங்க வேண்டும். மடங்காமல் நின்றால் அது யார் குற்றம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். டாக்டர் கை என்றால் டாக்டரைக் கேட்கலாம். மிசின் என்றால் மிசினைக் குறை சொல்லலாம். அந்தப் பெண் குரல் யாருடையது? அவள் கை எப்படிப்பட்ட கை? தட்டு வாங்காத கை ஒன்று முதலில் பட்டிருந்தால் அதற்கு யார் பொறுப்பு?

திரும்ப டாக்டரைப் பார்க்கப் போன அன்று அந்தக் குரல் எனக்கு முன்னாலேயே வந்து நின்றது. கழுத்தில் ஸ்டெத்தாஸ்கோப் போட்ட ஒரு பெண், என் மூத்த பேத்தியைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

"கால் மடங்குதாங்கய்யா?" என்றாள்.

"ஆத்தா, அன்னைக்கி உள்ள வச்சு நான் ஓபன் பண்றேன்னு சொன்னது நீதான?"

அவள் டாக்டரைப் பார்த்தாள். "ஆமாங்கய்யா, நான்தான்."

"அப்ப முதல் வெட்டு உன் கையி."

"தோல் நான் ஓபன் பண்ணேன். எலும்பு சார் பண்ணாங்க."

"எலும்ப மிசினுல்ல வெட்டுச்சு?"

"மிசின்தான் வெட்டுச்சு. சார் பிடிச்சிருந்தாங்க."

நான் டாக்டர் பக்கம் திரும்பினேன். "தட்ட வாங்குனது நீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கையாலன்னுதாங்கய்யா சொன்னேன். எப்பவும் இவங்கதான் ஓபன் பண்ணுவாங்க. நல்ல கை."

கோபம் வரவில்லை எனக்கு. வந்திருக்க வேண்டும். ஆனால் யார் மேல் படுவது என்று தெரியாத கோபம் எழுந்து நிற்பதில்லை. வேறொன்று கேட்டேன்.

"அந்தத் தட்டு என்னாச்சு?"

இப்போது இரண்டு பேருமே கொஞ்சம் நெளிந்தார்கள். தேங்காயை டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாராம். பழத்தில் இரண்டு இந்தப் பெண். இரண்டு தியேட்டர் நர்சம்மா. ஒன்று மிசினோடு வந்த இன்ஜினியர், அதுதான் அந்த ரிஜிஸ்டர் ஆள். வெற்றிலை பாக்கை முதுகில் ஊசி போட்ட டாக்டர் வாங்கிக்கொண்டாராம், அவருக்கு வெற்றிலை போடுகிற பழக்கம் உண்டாம்.

"மிசினுக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஒண்ணும் கொடுக்கலைங்கய்யா" என்றாள் அந்தப் பெண். கேலியாகச் சொல்லவில்லை. தப்பு செய்துவிட்டதுபோலத்தான் சொன்னாள்.

அப்புறம் காலைப் பிடித்துப் பார்த்து, நூற்றுப் பத்துவரை மடங்கும், விடாமல் பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். கடைசியாக, நாங்கள் கதவுக்குப் போகும்போது, ஞாபகம் வந்தவராகச் சொன்னார்.

"தரையில குந்தி மட்டும் உக்காரவே கூடாதுங்கய்யா. எப்பவும்."

"எப்பவுமா? இத முதல்லயே சொல்லக் கூடாதா?"

"முதல் நாளே சொன்னேனேய்யா."

"சொன்னாக" என்றாள் வீட்டுக்காரி. "நீங்க வரப்பப் பத்திக் கேட்டுக்கிட்டு இருந்தீக."

வீட்டுக்கு வந்ததும் பக்கத்துத் தோட்டக்காரரை வரச் சொன்னேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், அண்ணே என்று கூப்பிடுகிறவர். கூடலூர்க்காரர் மாதிரி ஆளை மாற்றுகிறவர் இல்லை. அதனால் நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

"தம்பி, இந்தத் தடவ வேற கைய வச்சு எடுத்துக்கங்க. நான் இனிமே குந்தக் கூடாதாம்."

"நின்னுக்கிட்டே வெட்டுங்கண்ணே."

"மண்ணத் தொடாமயா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். முடிந்தது என்று நினைத்தேன். அன்று முழுவதும் நான் யாரோடும் பேசவில்லை என்று வீட்டுக்காரி சொல்கிறாள். எனக்கு ஞாபகமில்லை.

கவாத்து அன்று காலையில் அவருடைய குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றது. முன் சீட்டில் தலையணை போட்டிருந்தது. ஏறச் சொன்னார், ஏறினேன். எதற்கு ஏறினேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பந்தலுக்கு அடியில் ஆட்கள் கத்தரியோடு நின்றார்கள். கைத்தடியை ஊன்றி மூத்த கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நின்று என்ன செய்ய? தூர் கீழே இருக்கிறது, என் கை மேலே இருக்கிறது.

அவர் குனிந்து தூரில் இருந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். நிமிர்ந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"மண்ணு மேல வந்துருச்சுண்ணே. நீங்க கீழ போக வேணாம்."

ஆட்கள் யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் இது செல்லுமா செல்லாதா என்று புரியவில்லை. மண்ணைத் தொட்டவன் நானா அவரா? அந்தக் குழப்பத்திலேயே, பல வருடமாகக் கேட்காமல் வைத்திருந்த ஒன்று வாயிலிருந்து வந்துவிட்டது. ஒரு தடவை அவர் தோட்டத்தில் நான் முதல் கை வைத்து, பூ எடுத்த சமயத்தில் மழை பிடித்து, பூவெல்லாம் கொட்டிப்போனது. அறுப்பே இல்லை. மழைதான் காரணம் என்று ஊரெல்லாம் சொன்னவன் நான். தட்டை வாங்கியவனும் நான்தான்.

"தம்பி, அந்தப் பூக்கொட்டுன வருசத்துக்கு அப்புறமும் என்னைய ஏன் கூப்புட்டீக?"

"அது மழையில்ல பேஞ்சுச்சு? நீங்களா பேஞ்சீக?" என்றார். பிறகு கொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பச்சக் கொடிய வெட்டுறதுன்னா இன்னைக்கும் எனக்குக் கை நடுங்கும்ணே. நீங்க ஒண்ணு வெட்டிட்டா மிச்சத்த நான் தெகிரியமா வெட்டிருவேன். அதுக்குத்தான்."

கைராசி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவரிடம் போய்ச் சேர்ந்தபோது வேறு எதுவாகவோ இருந்திருக்கிறது. இத்தனை வருடம் எனக்குத் தெரியவில்லை. பெருமையைக் குறைத்தாரா, கூட்டினாரா என்றும் தெரியவில்லை. மண்ணைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கையை உயர்த்தி, மூன்றாவது கணுவுக்கு மேலே முதல் கிளையை வெட்டினேன். வெட்டிய இடத்தில் நீர் கோத்துச் சொட்டியது. தட்டைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போதுதான் அது நடந்தது. நடுவில் ஒரு வாய்க்கால், ஒரு முழ அகலம்தான். தட்டு ஒரு கையில், தடி ஒரு கையில். இடது காலை முன்னால் வைத்துத் தாண்டினேன். ஊன்றிய இடது முழங்கால் உள்ளே சரிந்தது. தேங்காய் உருண்டு வாய்க்காலில் விழுந்தது. நானும் விழ வேண்டியவன். விழவில்லை. கரையில் இருந்த வலது கால், தொண்ணூறுக்கு மேல் மடங்காது என்று நான் திட்டிக்கொண்டிருந்த கால், எங்கிருந்தோ எட்டி முன்னால் வந்து ஊன்றி என்னைத் தாங்கியது. நான் அதை வரச் சொல்லவில்லை. அதுவாக வந்தது.

ஆட்கள் ஓடி வந்தார்கள். நான் இரண்டு காலையும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன். என் சொந்த மூட்டு என்னைக் கவிழ்த்தது. யார் யாரோ சீவி, ஆணி நட்டு, என் பேரில் ரிஜிஸ்டர் பண்ணிக் கொடுத்த மூட்டு பிடித்துக்கொண்டது. அப்படியென்றால் அந்தக் கை நல்ல கைதான். ஆனால் எந்தக் கை?

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானே போன் போட்டேன். எடுத்தது வரவேற்பில் இருக்கும் பெண்.

"இடது காலும் பண்ணணும்மா. அதே ஆளுக வரணும்."

"எந்த டாக்டருங்கய்யா?"

"பேரு எனக்கு எங்க தெரியும்? போன தடவ உள்ள நின்ன அத்தன பேரும் நிக்கணும். ஓபன் பண்ண புள்ள, ரம்பத்தப் பிடிச்ச டாக்டரு, ரிஜிஸ்டர் ஆயிருச்சுன்னு சொன்ன தம்பி, வெத்தல போடுற டாக்டரு, ரெண்டு பழம் தின்ன நர்சம்மா. ஒருத்தர் கொறஞ்சாலும் வேணாம்."

"மிசின் அதேதாங்கய்யா. எங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

"அதுவும் வரட்டும்" என்றேன்.

நாளும் குறித்துவிட்டார்கள். போன தடவை ஒரே தட்டு கொடுத்ததுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பதாக இருக்கிறேன், வாங்குகிறவர்களுக்கு இது எதற்கு என்று விளக்கமாகச் சொல்லியும் விடுவேன். வீட்டுக்காரி பரணிலிருந்து எவர்சில்வர் தட்டுகளை இறக்கித் துலக்கிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். எத்தனை வேண்டும் என்று காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டாள். ஆள் கணக்குக்கு ஐந்து என்றேன் முதலில். பிறகு கொஞ்சம் பொறு என்றேன். ஆறாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அதைத் துலக்குவதா, திரும்பப் பரணில் வைப்பதா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். எனக்கும்தான்.